பின்கதவு வழியாக வந்த சிற்றாறு

ஆற்றுநீர் அளவு நிலையத்தின் சங்கு அலறத் தொடங்கியபோது, சிற்றாறு அளவுக்காரர் வீட்டுப் பின்கதவைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. காலை நேரம். வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. முன் அறையில் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளுக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த அளவுக்காரரின் மனைவி, சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதனால் முதுகுப்பக்கம் வந்ததைப் பார்க்கவில்லை. மிதிகட்டையில் இருந்த பாதம் சில்லென்று ஆன பிறகுதான் குனிந்தாள். கணுக்கால் அளவுத் தண்ணீர், கண்ணாடி போலத் தெளிவு. அது சமையலறையிலிருந்து வந்து, கணவர் படுத்திருந்த கட்டிலை அரைவட்டமாகச் சுற்றி, எந்திரத்தின் அடியில் நுழைந்து, முன்வாசல் படியிறங்கித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் இரண்டு இலைகளும் விரல் நீளத்துக்கு ஒரு மீனும் இருந்தன. இலைகள் நேராகப் போய்விட்டன. மீன் மட்டும் கட்டில் காலடியில் கொஞ்சம் தயங்கியது, புது இடம்.

"ஏங்க, தண்ணி வருது," என்றாள், குழாயை மூடாமல் விட்டது யார் என்கிற குரலில்.

தொடை எலும்பு முறிந்து கட்டோடு கிடந்த அளவுக்காரர் தலையை மட்டும் திருப்பினார். அது குழாய்த் தண்ணீர் இல்லை என்பது அவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. மக்கிய புல்லும் குளிர்ந்த கல்லும் கலந்த வாசனை. "வந்துருச்சா?" என்றார், நாலு நாளாக எதிர்பார்த்த சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.

சங்கு அலறியதற்கும் காரணம் இருந்தது. வெள்ளம் சிவப்புக் கோட்டைத் தொட்டால் கீழூரை எச்சரிப்பதற்காகப் பாலத்தடியில் வைத்த சங்கு அது. தண்ணீரோடு ஏறி இறங்கி அந்தச் சங்கை இயக்கும் மிதவை தரைதட்டினாலும் அதே கம்பிகள் தொட்டுக்கொள்ளும் என்பதைப் பொருத்தியவர்களே மறந்துபோயிருந்தார்கள், ஏனென்றால் மிதவை ஒருநாளும் தரைதட்டியதில்லை. சத்தம் கேட்ட கீழூர் மக்கள் வழக்கப்படி பாத்திரம் பண்டங்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, வெள்ளத்துக்காக மதியம்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒருவர் போய் ஆற்றை எட்டிப்பார்த்தார். ஆறு இல்லை. ஈரக் கூழாங்கற்கள் மட்டும் இருந்தன.

அந்தச் சிற்றாறு பெரிய ஆறு ஒன்றும் இல்லை. மலைமுகட்டுக்குக் கீழே ஒரு சதுப்பு. நடந்தால் தரை மெத்தைபோல அமுங்கும். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை அந்தச் சதுப்பு கஞ்சன் காசு விடுவதுபோல வருஷம் முழுக்கச் சொட்டுச்சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஓர் இழை, பக்கத்துப் பாறை வெடிப்பிலிருந்து ஓர் இழை. இரண்டும் ஒரு பெரிய கல்லுக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், சேர்ந்துகொள்ளும். சேர்ந்த தைரியத்தில் ஒரு குதி குதிக்கும், அது அருவி. குதித்த களைப்பில் கொஞ்சம் நிற்கும், அது மடு. பிறகு மணலும் கூழாங்கல்லுமாகச் சரிவில் இறங்கி, அளவுக்காரர் வீட்டுப் பின்பக்கச் சரிவின் அடியில் முழங்கையை மடக்கியதுபோல ஒரு திருப்பம் திரும்பி, பாலத்தடியில் நுழைந்து, கீழூர் வழியாகப் போய்ப் பெரிய ஆற்றில் விழும். விழுந்த பிறகும் கொஞ்ச தூரம் கலக்காது. பெரிய ஆற்றின் செம்மண் நிறத்துக்குப் பக்கத்தில், புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளை சுவரோரமாகவே நடப்பதுபோல, பச்சையாக ஒரு கோடு கரையோரமாகப் போகும். கோடையில் அதைக் குழந்தைகூடத் தாண்டிவிடலாம். மழைக்காலத்தில் அதே ஆறு வண்டி அளவுப் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். பாறைகள் தண்ணீருக்கடியில் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் பாலத்தின் மேல் நிற்பவர்களுக்குக் காலில் கேட்கும்.

அளவுக்காரர் வீடு இருந்தது ஆற்றுக்கு மேலே, இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவில் இருந்த மேட்டு முதுகில். கூரையின் உச்சியில் விழும் மழையில் பாதி பின்பக்கமாக வழிந்து சிற்றாற்றுக்கும், பாதி முன்பக்கமாக வழிந்து அந்தப் பக்கத்துப் பழைய கல்குவாரிக்கும் போகும். அதனால் சிற்றாறு பின்பக்கச் சரிவில் ஏறி வந்து முன்வாசல் வழியாக வெளியேறியபோது, அது வெறுமனே ஒரு வீட்டுக்குள் நுழைந்த விஷயமாக இல்லை. ஒரு பள்ளத்தாக்கை விட்டு இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. குவாரிக் குழி நிறையத் தொடங்கியது. கீழூரின் சலவைக்கூடங்களும் காய்கறித் தோட்டங்களும் காய்ந்தன. தண்ணீர் மேட்டில் ஏறியது எப்படி என்று முதல் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாளிலிருந்து, ஏறியது ஏறிவிட்டது, இறக்குவது எப்படி என்று மட்டும் பேசினார்கள்.

தையல்காரிக்கு மட்டும் அது எப்படி என்பதைவிட எதற்கு என்பதுதான் பெரிதாக இருந்தது. அவளுக்கும் அந்த ஆற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே கணவர் எழுந்து, தலையைக்கூட வாராமல், ஆற்றைப் பார்க்கப் போனார். சாயங்காலமும் போனார். காய்ச்சலோடு போனார், வீட்டில் விருந்தாளி இருக்கும்போது போனார். பாலத்தடிப் படிகளில் இறங்கி, கரையில் நட்ட எனாமல் அளவுத்தகட்டில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு ஒரு மரச்சில்லை மிதக்கவிட்டு, அது ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரு கயிற்றிலிருந்து அடுத்த கயிற்றுக்குப் போகிற நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பார். பார்த்ததை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கவில்லை என்பது தையல்காரிக்குத் தெரியும். தெருப் பெண்கள் ஆற்றை அவளுடைய சக்களத்தி என்றார்கள். "உன் சக்களத்தி இன்னைக்குக் கொஞ்சம் மெலிஞ்சு தெரியுறா" என்று தண்ணீர் குறைந்த நாட்களில் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மகள் பிறந்த நாள்வரை. அன்று பெருவெள்ளம். அவள் ஆஸ்பத்திரியில் வலியில் கிடந்தபோது, கணவர் பாலத்தடியில் வெள்ளத்தின் உச்சத்துக்காகக் காத்திருந்தார். உச்சம் ஒருமுறைதான் வரும், விட்டால் போச்சு என்றார் பிறகு. பிள்ளையும் ஒருமுறைதான் பிறக்கும் என்று அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த ஆற்றைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். பேருந்து பாலத்தைக் கடக்கும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பாள். இன்னைக்கு எப்படி இருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகள் வளர்ந்து, படித்து, வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தப் பிடிவாதம் அப்படியே இருந்தது.

அந்த வருஷக் கோடையில் பாசிப் படியில் வழுக்கி விழுந்து அளவுக்காரர் தொடையை முறித்துக்கொண்டார். மழைக்காலம் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றார் வைத்தியர். அதுவரை யார் ஆற்றை அளப்பது என்ற கேள்வி வந்தபோது, அளவுக்காரரின் தம்பி முன்வந்தார். அவர் பேருந்து நடத்துனர். தினமும் பலமுறை பாலத்தைக் கடக்கிறவர். "இதுக்குன்னு இறங்கிப் போகணுமா அண்ணி? வண்டி பாலத்துல மெதுவாத்தான் போகும். ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்தா முடிஞ்சுது," என்றார். அப்படியே செய்தார். பார்த்ததை அடுத்த நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்குச் சொன்னார். கூட்டமான நாட்களில் ஜன்னல் பக்கமே போக முடியாததால், நேற்றுச் சொன்னதையே இன்றைக்கும் சொன்னார். ஆறு கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகுதான் சங்கு அலறிய அந்தக் காலை வந்தது.

வந்த ஆறு போவதாக இல்லை. வீட்டில் எல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியது. அரிசி டப்பா அலமாரியின் மேல்தட்டுக்கும், துணி மூட்டைகள் கொடியின் மேலும் போயின. மிதிகட்டை நனையாமல் இருக்க எந்திரத்தின் கால்களுக்குச் செங்கல் வைத்தார்கள். எந்திரம் உயர்ந்ததால் நாற்காலியையும் உயர்த்த வேண்டியிருந்தது. நீதிபதி உட்காரும் உயரத்தில் உட்கார்ந்து தைக்கிற மாதிரி இருக்கு என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். துணிக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள். சில நன்மைகளும் இருந்தன. பாத்திரம் கழுவுவது சுலபமாயிற்று. கோடைப் புழுக்கம் அந்த ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அதைச் சாக்கிட்டுத் தெருப் பெண்கள் மதியங்களில் வந்து கட்டிலோரமாகக் கால்களை நீட்டி உட்கார்ந்தார்கள். "வீட்டுக்கே வந்துட்டாளா? இனிமே சமையல் யாரு, நீயா அவளா?" என்று கேட்டார்கள்.

"பாத்திரம் அவ கழுவுறா. நான் சும்மா இருக்கேனா, அவளுக்குத் தரை பெருக்குறேன்," என்றாள் தையல்காரி.

சிரித்தாள்தான். ஆனால் கணவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மனிதர் உடம்பு தேறியவர்போல ஆகிவிட்டார். வலி என்று ஒரு வார்த்தை இல்லை. கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுத் தண்ணீரில் வைத்தபடியே தூங்கினார். காலையிலும் சாயங்காலமும் தீக்குச்சியை மிதக்கவிட்டு, அது கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போகிற நேரத்தைப் பார்த்தார்.

நீர் அலுவலகத்துப் பொறியாளர் வந்தார். நடுவயதுப் பெண்மணி, பொறுமைசாலி. காலணியைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார். தண்ணீர் ஏன் மேட்டில் ஏறியது என்று அவர் கேட்கவில்லை. அவர் வேலை தண்ணீரை அளப்பது, ஏறிய தண்ணீரையும் அளக்கத்தான் வேண்டும். பாலத்தடியில் தண்ணீர் இல்லாததால் அங்கே அளவுத்தகடு நிற்பதில் அர்த்தமில்லை என்று, ஆள் வைத்து அதைப் பெயர்த்துக்கொண்டு வந்து, அளவுக்காரர் படுத்தபடியே பார்க்க வசதியாக அறைச் சுவரில் திருகாணி போட்டு மாட்டச் செய்தார். விதிமுறைப்படி அது சரியான காரியம். அளவுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆற்றுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதுவரை வாசலோரம் நிற்கிற விருந்தாளிபோல ஓடிக்கொண்டிருந்தது, தகடு மாட்டிய மறுநாளிலிருந்து குடும்ப அட்டையில் பேர் ஏறிய ஆள்போல நடந்துகொண்டது. அறையின் உள்வளைவில், எந்திரத்தின் பக்கம், மணலைக் கொண்டுவந்து மேடு கட்டியது. வெளிவளைவில், கட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரின் அடியை அரிக்கத் தொடங்கியது. எந்த ஆறும் எந்தத் திருப்பத்திலும் செய்கிற வேலைதான். ஆனால் இந்தத் திருப்பத்தில் வெளிக்கரை என்பது கணவரின் தலைக்குப் பின்னாலிருந்த செங்கல் சுவர்.

பொறியாளர் அடுத்த முறை வந்தபோது அந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கைவரை உள்ளே போயிற்று. அளவுக்காரர் காதில் விழாமல் தையல்காரியைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "இப்ப இது கோடைத் தண்ணி, அதனால குழந்தை மாதிரி இருக்கு. மலையில மழை இறங்கினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். பாறையோட வரும். இந்த வீடு ஒரு மணி நேரம்கூட நிக்காது. அதுக்குள்ள ஆறு போகணும், இல்லாட்டி அவரைக் கொண்டுபோகணும்."

கொண்டுபோகலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அளவுக்காரர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷமாக அவர் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "நான் போக முடியலன்னு அது என்னைத் தேடிக்கிட்டு மலை ஏறி வந்திருக்கு. அதை விட்டுட்டு நான் ஓடிப்போறதா?" என்றார். வண்டிக்காரர் தொடைக்கட்டு பெயர்ந்துவிடும் என்று பயந்து கையை எடுத்துவிட்டார். வண்டி வெறுமனே திரும்பியது.

ஆகவே ஆற்றை அனுப்பும் முயற்சிகள் நடந்தன. பின்கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் கதவுக்கு வெளியே மரியாதையாக நின்று, ஜன்னல் உயரம்வரை ஏறி, ஜன்னல் வழியாக வந்தது. சரிவில் மணல்மூட்டை அடுக்கினார்கள். மூட்டைகளின் மேல் ஏறி, இறங்கி, வந்தது. கீழூர்ச் சலவைக்கூடத்து முதலாளி ஆட்களைக் கூட்டிவந்து திருப்பத்திலிருந்து பழைய தடத்துக்கு ஆழமாக வாய்க்கால் வெட்டினார். ஆறு வாய்க்காலில் கொஞ்சதூரம் போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பி வந்தது. சலவை முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய கூடத்தில் ஊர்ப்பட்ட அழுக்குத் துணி மலையாகக் குவிந்திருந்தது. வேலையாட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, எங்க ஆளுங்க வீட்டை இடிச்சுட்டாப் போயிரும்னு பேசுறாங்க. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். எத்தனை நாள் தடுக்கறதுன்னு தெரியல," என்றார். சொல்லிவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று, ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகலாம் என நினைத்தார்.

தண்ணீரில் நின்று அவர் கைகளைத் தூக்கினார். தையல்காரி அளவு நாடாவை உதறி விரித்தாள். அப்போது காலடியில் ஏதோ மாறியதை உணர்ந்தாள். தண்ணீர் நின்றிருந்தது. சலசலப்பு இல்லை, சுழி இல்லை. அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே சிலர், அந்த மாதிரி. அவள் நாடாவைச் சுருட்டினாள், தண்ணீர் ஓடியது. விரித்தாள், நின்றது. சலவை முதலாளி தூக்கிய கையோடு, "என்னக்கா, தொப்பை கூடிருச்சா?" என்றார்.

"உங்களைச் சொல்லல," என்றாள்.

அன்று சாயங்காலம் கணவர் தீக்குச்சியை எடுத்தபோது முதல்முறையாகப் பக்கத்தில் நின்று கவனித்தாள். அவர் குச்சியை எடுத்ததும் தண்ணீர் அமைதியானது. விட்டதும் சீராக ஓடியது. அவர் தகட்டைப் படித்துத் தலையாட்டியதும், வேலை முடிந்தது என்பதுபோலச் சலசலத்துக்கொண்டு வாசல் இறங்கிப் போயிற்று. முப்பது வருஷமாக ஆட்களுக்கு அளவெடுக்கிறவள் அவள். அளவு கொடுக்க வந்த ஆளை அவளுக்குத் தெரியாதா?

"தம்பிதான் தினம் பார்த்தாரே. அப்புறமும் எதுக்கு வரணும்?" என்று கேட்டாள். ஆற்றைப் பற்றி அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"பஸ்ல போறவன் ஜன்னல் வழியா உன்னைப் பாத்து அளவெடுத்துச் சட்டை தெச்சா, நீ போட்டுப்பியா?" என்றார் அளவுக்காரர்.

அவள் எந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குத் தைக்கவேண்டியதைத் தைத்தாள். எந்திரத்தின் ஓட்டத்தில் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அளவு எடுக்கிற இடம் எதுவோ அதுதான் கடை. தகட்டை இங்கே மாட்டினால் ஆறு இங்கேதான் வரும். யாராவது அங்கே போகவேண்டும், இறங்கி, பக்கத்தில் நின்று, ஒழுங்காகப் பார்க்கவேண்டும். அந்த யாராவது யார் என்று யோசித்தபோது, அவளுக்கு வேலை தெரிந்த ஒருவர் பேரும் ஞாபகம் வரவில்லை. தன் பேரைத் தவிர.

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் காலை முகட்டின் மேல் மேகம் கருப்பாக ஏறியிருந்தது. வீட்டுக்கு மேலே வெயில்தான். ஆனால் ஓடுகிற தண்ணீரில் தேநீர் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. மேலே மழை பிடித்துவிட்டது என்றார் அளவுக்காரர். அங்கே விழுவது இங்கே வந்து சேர மதியம் ஆகும். அதைச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லும்போது அவர் தலைக்குப் பின்னால் சுவரிலிருந்து ஒரு செங்கல் தண்ணீருக்குள் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தையல்காரி எந்திரப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து, சுவரிலிருந்த அளவுத்தகட்டைக் கழற்றினாள்.

"அது அரசாங்கப் பொருள்," என்றார் அளவுக்காரர்.

"நீங்களும்தான். உங்களை இத்தனை வருஷம் வீட்டுல வெச்சிருக்கலையா?" என்றாள். கொழுந்தனைக் கூப்பிட்டு அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நடத்துனர் அன்று வண்டியை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஜன்னல் விவகாரத்துக்குப் பிறகு அண்ணி எது சொன்னாலும் கேட்கிற நிலைமையில் இருந்தார். சுவர் மேலும் இரண்டு செங்கல் விட்டால் அண்ணனை எப்படியாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொன்னாள். பிறகு தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக இறங்கினாள். ஆறு சரிவில் ஏறிக்கொண்டிருக்க, அவள் அதன் ஓரமாகவே இறங்கினாள். திருப்பத்தில் அது மேட்டுக்கு மடங்குகிற இடத்தைத் தாண்டியதும் தடம் வெறுமையாக இருந்தது. கூழாங்கற்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. பாலத்தடிப் படிகளை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. கணவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு படி மட்டும் வழுவழுப்பாக இருந்தது.

பழைய கம்பத்திலேயே பழைய திருகாணித் துளைகளில் தகட்டை மாட்டினாள். அந்தப் படியில் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். மேலே முகட்டில் இடி உருண்டது. மலைமேல் விழுந்த தண்ணீர் இந்நேரம் சதுப்பை நிறைத்து, இரண்டு இழைகளையும் கயிறாக்கி, கயிற்றை வடமாக்கிக்கொண்டு வரும். திருப்பத்துக்கு வந்ததும் அது வீட்டுக்குத் திரும்புமா, இங்கே வருமா என்பதுதான் பாக்கி. வீட்டுக்குத் திரும்பினால் அதன் வழியில் அவள் கணவர் படுத்திருக்கிறார். காலடியில் லேசாக அதிர்ந்தது. எங்கோ பாறைகள் மோதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன.

அவள் எழுந்து நின்று நாடாவை உதறி விரித்தாள். காலிக் கடையில் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற குரல் அவளுக்குக் கைவந்த குரல். அந்தக் குரலில்தான் கூப்பிட்டாள்.

"இங்க வா. அவருக்கு உடம்பு சரியில்ல. இனிமே அளவு நான்தான் எடுப்பேன். நேரா வந்து நில்லு, பாக்கலாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மக்கிய புல் வாசனை வந்தது. திருப்பத்திலிருந்து, கற்களுக்கு நடுவே வழி விசாரித்துக்கொண்டு, கையகலத் தண்ணீர் இறங்கி வந்தது. அதன் முன்னால் விரல் நீள மீன் ஒன்று வந்தது. பழைய இடம் என்பதால் இந்த முறை தயங்கவில்லை. தண்ணீர் கம்பத்தருகே வந்து, கூச்சப்படுகிற ஆள்போலச் சற்று விலகியே நின்று, பிறகு தகட்டோடு ஒட்டி நிமிர்ந்து நின்றது. தையல்காரி குனிந்து படித்தாள். எந்தக் கோடு என்று சத்தமாகச் சொன்னாள், துணிக்கு அளவெடுக்கும்போது சொல்வதுபோல. அகலத்துக்கு நாடா போதவில்லை, எட்டியவரை எடுத்தாள். ஒரு சுள்ளியை ஒடித்து மிதக்கவிட்டு, அது போகிற வேகத்தைப் பார்த்தாள். எல்லாம் ஆனபிறகு, "சரி, போ," என்றாள். அதற்குள் தண்ணீர் படியேறத் தொடங்கியிருந்தது. அவள் பாலத்துக்கு ஏறி வந்து திரும்பிப் பார்த்தபோது, வழுவழுப்பான படி மூழ்கியிருந்தது. சங்கு அலறியது. இந்த முறை சரியான காரணத்துக்காக. கீழூர் மக்கள் பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றினார்கள், அப்படியொரு சந்தோஷத்தோடு எந்த ஊரும் வெள்ளத்துக்கு ஏற்றியிருக்காது. மாலைவரை பாறைகள் பாலத்தடியில் உருண்டன. அவள் உச்சம்வரை நின்று, அது எந்தக் கோட்டைத் தொட்டது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். உச்சத்தை விட்டுவிட்டு வரமுடியாது என்பது அன்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் தண்ணீர் இல்லை. அறை நிறைய மணலும், எந்திரத்தடியில் ஒரு வண்டிக் கூழாங்கல்லும் இருந்தன. கொழுந்தன் அண்ணனின் கட்டிலை அறை நடுவுக்கு நகர்த்திப் போட்டிருந்தார். அளவுக்காரர் காய்ந்துகொண்டிருந்த தரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மதியத்தில் சுவரோரமாகத் தண்ணீர் திடீரென்று நின்றது, பின்கதவு வழியாகவே திரும்பிப் போனது, என்றார் கொழுந்தன். போகும்போது கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனதாம். அவள் அவருக்குச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் வலிக்கிறது என்றார். அதைக் கேட்டு அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மிச்சக் கதை சுருக்கமானது. சுவரைக் கட்டினார்கள். ஆறு கொண்டுவந்த மணலை அள்ளி எடுக்கவில்லை; தரை மேடானதால் வாசலில் ஒரு படி கூடியது. பொறியாளர் முறைப்படி விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, தையல்காரியையே அளவுக்காரர் இடத்தில் நியமிக்க ஏற்பாடு செய்தார். அளவுக்காரர் கைத்தடியோடு எழுந்து நடந்தார். ஆனால் சரிவில் இறங்க அந்தக் கால் மறுபடி ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்தில் காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் கற்றுக்கொண்டார். அவர் தைத்த பொத்தான்கள் எல்லாம் ஒரே இடைவெளியில், இம்மி பிசகாமல் இருக்கும். வாடிக்கையாளர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். தெருப் பெண்கள் தையல்காரியிடம், "என்ன, தினம் ரெண்டு வேளை சக்களத்தியைப் பாக்கப் போற, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?" என்று கேட்பதைக் கொஞ்சநாளில் நிறுத்திவிட்டார்கள். பேருந்து பாலத்தைக் கடக்கும்போது நடத்துனர் ஜன்னல் வழியாக அண்ணிக்குக் கை காட்டுவார். ஆற்றைப் பார்க்கமாட்டார்.

அவள் காலையிலும் சாயங்காலமும் போனாள். காய்ச்சலோடு போனாள், மகள் வந்திருந்த நாட்களிலும் போனாள். பார்க்க வேண்டியதைப் பார்த்து, சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அந்தப் படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அந்தக் கொஞ்ச நேரம் வருஷாவருஷம் கொஞ்சம் நீண்டது. அளவுக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். முன்பு அவள் கேட்காமல் விட்டதை அவர் தினமும் கேட்பார். அவள் எந்தக் கோடு என்று சொல்வாள். அவர் தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோர்ப்பார். வருஷங்கள் இப்படியே போயின. சதுப்பு குடித்தது, விட்டது. பெரிய ஆற்றின் ஓரத்தில் பச்சைக் கோடு போனது.

ஒரு சாயங்காலம் அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். புடவைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பொத்தான் துளைக்குள் ஊசியை விட்டபடியே, "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"உங்களைத்தான் விசாரிச்சுது," என்றாள்.